தட்டல் கேட்கும் கை

துப்பாக்கி என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த ஆள், தன் ஆயுளில் ஒரு கரப்பான்பூச்சியைக்கூட அடித்ததில்லை. வீட்டுக்குள் வந்தால் துடைப்பத்தால் பதமாகத் தள்ளிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வருவான். விமானத் தொழிற்சாலையின் இறக்கைப் பட்டறையில் ரிவெட் துப்பாக்கி பிடிக்கிறவன், அதனால் அந்தப் பெயர். அவன் மனைவிக்கும் அதே பட்டறைதான் பெயர் வைத்தது. அவள் உள்ளாள், இறக்கைக்கு உள்ளே படுத்து வேலை செய்கிறவள். யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேருமே பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. விமானத்தின் இறக்கை வெளியே பார்க்கத்தான் ஒரே பலகை. உள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள், அதன் மேல் அலுமினியத் தகடு. தகட்டையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிப்பது ரிவெட் என்கிற சின்ன ஆணி. வெளியே நிற்கிறவன் ஆணியின் தலையில் துப்பாக்கியை வைத்து அடிப்பான். உள்ளே படுத்திருக்கிற ஆள் ஆணியின் வாலுக்கு ஓர் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வால் நசுங்கி, பொத்தான் போலப் பரந்து, பிடித்துக்கொள்ளும். உள்ளே நுழைகிற ஓட்டை சமையலறை ஜன்னல் அளவுக்குக்கூட இருக்காது. அவள் ஒடிசலான உடம்புக்காரி. தலையை விட்டு, ஒரு தோளை மடக்கி, சரக்கென்று உள்ளே போய்விடுவாள்.

வெளியே நிற்பவனுக்கு வால் தெரியாது. அடி போதுமா போதாதா என்று சொல்ல வேண்டியவள் உள்ளே இருப்பவள்தான். அந்தச் சத்தத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? காதில் வேறு அடைப்பு. அதனால் முட்டுக்கட்டியால் தட்டிச் சொல்வாள். ஒரு தட்டு தட்டினால், இன்னும் அடி. இரண்டு தட்டினால், சரி, அடுத்ததுக்குப் போ. மூன்று தட்டினால், கெட்டுப்போச்சு, கழற்று. அவன் வலது கையில் துப்பாக்கி இருக்கும், இடது உள்ளங்கை தகட்டின் மேல் பதிந்திருக்கும். காது செய்ய வேண்டிய வேலையை அந்தக் கை செய்யும்.

அவர்கள் சந்தித்ததும் இப்படித்தான். ஷிப்டு மாற்றி அவளை அவனோடு போட்டிருந்தார்கள். அவன் வருவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க அவனுக்கு அவள் ஒரு தட்டும் இரண்டு தட்டும் மட்டும்தான். சாயங்காலம் சங்கு ஊதிய பிறகு ஓட்டையிலிருந்து முதலில் இரண்டு கால்கள் வந்தன. "மாப்பிள்ளை முதல்ல பாத்தது ஷூவைத்தான், முகம் அப்புறம்தான் வந்துச்சு" என்று அதே பட்டறையில் விமானத்துக்குப் பெயின்ட் அடிக்கிற நண்பன் பெயின்ட்டர் கல்யாணத்தன்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். வீட்டில் அவள் அவனை வாங்க போங்க என்றுதான் பேசுவாள். இறக்கைக்குள் போய்விட்டால் மரியாதையெல்லாம் கிடையாது. இன்னும் அடி என்றால் இன்னும் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அதிகாரம் அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுக்கு அதைவிடப் பிடித்திருந்தது.

அவர்கள் மகள் பிறந்து வளர்ந்து பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்த வருஷம், உலகத்தில் யாரோ விமானம் வாங்குவதை நிறுத்தினார்கள். யார், ஏன் என்று பட்டறையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முதலில் இரவு ஷிப்டு போனது. அப்புறம் கேன்டீனில் முட்டை நின்றது. முட்டை நின்ற அன்றே பெயின்ட்டர் சொல்லிவிட்டான், இனி ஒன்றும் தேறாது என்று. மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் எல்லோரையும் வாசலில் நிற்க வைத்து, பட்டறை மூடப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கூரைத் தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் பாதி கேட்கவில்லை, கேட்ட பாதியே போதுமாக இருந்தது. உள்ளே ஒரு இறக்கை பாதி தைத்தபடி நின்றது. எதுவரை அடித்தார்கள் என்று அவள் போட்ட சாக்பீஸ் கோடு அதில் இருந்தது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அமைச்சரே வந்தார். தலையில் பாதுகாப்புத் தொப்பி மாட்டி, அந்தப் பாதி இறக்கையைத் தடவிப் பார்த்து, உங்கள் யாரையும் கைவிட மாட்டோம் என்றார். போட்டோ எடுத்தார்கள். அவர் போன பிறகு தொப்பியை யார் தலையில் திருப்பி மாட்டுவது என்று பெயின்ட்டர் கேட்டான். ஆனால் பேச்சோடு நிற்கவில்லை, பழைய கேன்டீனிலேயே உதவி முகாம் திறந்தார்கள். மேஜைகளைத் துடைத்துப் போட்டு, மின்விசிறிகளைச் சரிசெய்து, வந்தவர்களுக்கு டீ கொடுத்தார்கள். அங்கே பொறுப்பாக இருந்த பெண்மணியை எல்லோரும் முகாம் அம்மா என்றார்கள். அரசாங்கத்தின் மேல் இருந்த கோபத்தை எல்லோரும் அவள் மேஜையில்தான் கொட்டினார்கள். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்பாள். அப்படி ஒருத்தி கேட்டால் எவ்வளவு நேரம்தான் திட்ட முடியும்?

பேக்கரிப் பயிற்சி இருந்தது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி இருந்தது. பெயின்ட்டர் பேக்கரிக்குப் போனான். விமானத்துக்குப் பெயின்ட் அடித்த கை, கேக்குக்கு க்ரீம் அடிக்காதா என்றான். முதல் கேக்கில் அவன் மூன்று பூச்சு பூசி, நடுநடுவே காய வைத்திருந்தான். உளி இருந்தால்தான் வெட்ட முடியும் என்று அவன் மனைவியே சொன்னாள்.

துப்பாக்கிக்கும் உள்ளாளுக்கும் முகாம் அம்மா வேறு ஒன்றைக் காட்டினாள். தூரத்து நகரத்தில் ரயில் பெட்டி செய்கிற அரசுத் தொழிற்சாலை, அங்கே ரிவெட் அடிக்க ஆள் தேவை. பரீட்சை வைப்பார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தேறினால் குடும்பத்துக்கு வீடு கொடுப்பார்கள். ஒருவர் மட்டும் தேறினால் விடுதியில் ஒரு கட்டில், அவ்வளவுதான். அந்த ஊருக்கு ஒரு முழுப் பகல் பஸ்ஸில் போக வேண்டும். அவர்கள் இரண்டு பேருக்கும் இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. தேறுவதைப் பற்றி யாருக்கும் சந்தேகமே இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே அவள் எந்தப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போவது, எவற்றை விட்டுவிட்டுப் போவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பரீட்சை அவர்களுடைய பழைய பட்டறையிலேயே நடந்தது. ரயில் பெட்டியின் பக்கச் சட்டம் ஒன்றை நீளமாக நிறுத்தியிருந்தார்கள். ஒரே சட்டத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஜோடி ஜோடியாக நிற்க வேண்டும். சேர்ந்து பழகிய ஜோடிகளைப் பிரித்துத்தான் போட்டார்கள். அங்கே போனால் யாரோடு வேண்டுமானாலும் நிற்க வேண்டியிருக்கும், அதனால். அவனுக்கு உள்ளே ரயில் பெட்டித் தொழிற்சாலைக்காரர் ஒருவர். அவள் மறு கோடியில், முன்பின் தெரியாத ஒரு துப்பாக்கிக்காரருக்கு உள்ளாளாக. தொடங்குவதற்கு முன்னால் பரீட்சையாளர் தெளிவாகச் சொன்னார். இங்கே தட்டுகிற வழக்கம் கிடையாது. அடி அளவை மனசில் வைத்துக்கொண்டு, நிற்காமல் வரிசையாக அடித்துக்கொண்டே போக வேண்டும், கடைசியில் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவனும் ஆட்டினான்.

சங்கு ஊதியது. அவன் துப்பாக்கியை வைத்தான், அடித்தான், இடது கையைத் தகட்டில் வைத்தான். தட்டல் வராது என்று தெரியும். தெரிந்தும் கை காத்திருந்தது. பக்கத்தில் எல்லோரும் அடித்துக்கொண்டே போகிறார்கள். சரி போகலாம் என்று அவன் அடுத்த ஆணிக்குத் துப்பாக்கியை நகர்த்தியபோது, உள்ளங்கைக்கு வந்தது. ஒரு தட்டு.

அவன் திரும்பவும் அதே ஆணியில் அடித்தான். இரண்டு தட்டு வந்தது, அடுத்ததுக்குப் போனான். அதற்கப்புறம் அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. பட்டறை அவன் பட்டறை, தகடு அவன் பழைய தகடு, இன்னும் அடி என்றால் அடித்தான், போ என்றால் போனான். தட்டல் வராத இடத்தில் நின்று காத்திருந்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் மனசு நிறைந்திருந்தது. உள்ளே இருந்த மனிதர் பொறுக்க முடியாமல் தலையை வெளியே நீட்டி, என்னப்பா செய்யற என்று கத்தியபோதுதான் அவனுக்கு உறைத்தது. தன் இடத்திலிருந்து தட்டல் வரவே இல்லை. அது மறு கோடியிலிருந்து, அத்தனை சட்டத்தையும் தாண்டி வந்திருக்கிறது. அவள் வேறு ஒருவனுக்குத் தட்டியது.

வரிசையில் பாதிகூட முடியவில்லை. முடிந்ததிலும் சில ஆணிகள் தேவைக்கு மேல் அடி வாங்கிச் சப்பையாகியிருந்தன, சில பாதியில் நின்றிருந்தன. பரீட்சையாளர் நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லாமல் விரலால் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அவள் தேறிவிட்டாள். முதல் ஆளாகத் தேறினாள்.

வீட்டுக்கு வந்தார்கள். அவன் உருளைக்கிழங்கைத் தோல் சீவ உட்கார்ந்தான். அவள் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, அவன் பக்கம் திரும்பி நின்றாள்.

"என்னதாங்க ஆச்சு உங்களுக்கு? தூக்கத்துல எழுப்பிவிட்டாலும் அடிக்கிற கையாச்சே அது."

"நீ தட்டினது வந்துச்சு."

"எங்க வந்துச்சு?"

"கைக்கு. அந்தக் கடைசியில இருந்து."

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது உங்களுக்குத் தட்டினது இல்லையேங்க."

"எனக்குத் தெரியும். கைக்குத் தெரியலை."

அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் திரும்பியவள் அப்புறம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது.

"தட்டாதீங்கன்னு சொன்னாங்க" என்றாள் முதுகைக் காட்டியபடி. "பழக்க தோஷம். தட்டிட்டேன். எனக்கு முன்னாடி நின்ன ஆளுக்கு அது தெரியவே இல்லை. அவர் பாட்டுக்கு அடிச்சிட்டே போனார். கேக்க வேண்டியவருக்குக் கேக்கலை. அந்தக் கோடியில நின்ன உங்களுக்குக் கேட்டிருக்கு. அப்ப நான்தான் உங்களை ஃபெயிலாக்கியிருக்கேன்."

அப்படி இல்லை என்று அவன் சொன்னான். எப்படிச் சொன்னாலும் அது அப்படித்தான் இருந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரே பேச்சு, போவதா வேண்டாமா என்று. அவள் போகவில்லை என்பாள். அவன் போ என்பான். வந்ததை விட்டுவிட்டு வராததற்குக் காத்திருக்கிறவர்களை என்ன சொல்வது என்று அவன் கேட்பான். தானும் மகளும் சமாளித்துக்கொள்வோம் என்பான். மகள் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், அப்பா சமைக்கிறதை நான் எப்படியாவது தாங்கிக்கிறேன், நீ போம்மா என்றாள். இவ்வளவு தைரியமாகப் போ போ என்றவன் மனசுக்குள் ஒவ்வொரு தடவையும், போகமாட்டேன்னு இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லேன் என்று அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவளும், போகாதேன்னு ஒரே ஒரு வார்த்தை இவர் வாயில் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் வரவில்லை. கடைசியில் பெட்டி கட்டப்பட்டது.

பஸ் நிலையத்தில் மழை. மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு விட்டு, பிஸ்கட் வாங்கி வருகிறேன் என்று நாசூக்காக நகர்ந்தாள். மழைக்காலம் முடிந்ததும் இரண்டாவது பரீட்சை என்று முகாம் அம்மா சொல்லியிருந்தாள். அவன் அதற்குப் போகப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு தடவை பட்ட அவமானம் போதாதா என்றான். அவள் பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அங்க போயி நான் தட்டாம இருக்கப் பழகிக்கிறேன். நீங்க இங்க கேக்காம இருக்கப் பழகிக்கங்க. அப்பதான் நமக்கு வீடு."

அவன் சரி என்றான். அவள் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடி மேலே ஏறாமல் சிக்கிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் அவள் மடியில் தெறித்தது, அவள் துடைக்கவில்லை. பஸ் கிளம்பிய பிறகும் அவன் நடைமேடையின் இரும்புத் தூணில் இடது கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தான்.

அவள் போன பிறகுதான் அந்தக் கையின் லட்சணம் அவனுக்கே தெரிந்தது. குளியலறைக் கதவைத் தாண்டும்போது அதில் போய்ப் பதியும். பீரோவைத் திறந்தால் கதவில் ஒரு கணம் நிற்கும். படுத்தால் சுவரோரம் போய் ஒட்டிக்கொள்ளும். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவர்கள் ஆணி அடித்தால் இவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். அவள் ஞாபகம் வருகிறது என்று சொல்வது சரியில்லை, அவள் ஞாபகம் போனால்தானே வருவதற்கு. மத்தியானம் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவான். எதிரில் இருக்கிற நாற்காலியைப் பார்ப்பான். அவள் இருந்த காலத்தில் அந்த நேரத்தில் இரண்டு பேரும் பேசியதே கிடையாது, சாப்பிட்டுவிட்டு ஓடத்தான் நேரம் இருக்கும். பேசாமல் இருப்பதற்குக்கூட அவள் வேண்டியிருந்தது.

பெயின்ட்டர் அடிக்கடி வந்து போனான். இப்போது அவன் கேக்கைக் கத்தியால் வெட்ட முடிந்தது. மகளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு, இவனிடம் உட்கார்ந்து பேசுவான். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், நீ என்னடான்னா அடிக்கிற வேலை தெரிஞ்சவன், ஒரு பரீட்சையை நகர்த்த மாட்டியா என்பான். அடிப்பதில் சிக்கல் இல்லை, நிறுத்துவதில்தான் என்று இவன் சொல்வான். அது பெயின்ட்டருக்குப் புரியாது. இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக் கொடுப்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்வாள். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பழைய போன் அது, நின்றுகொண்டேதான் பேச வேண்டும். மகளிடம் முதலில் நீளமாகப் பேசுவாள், பாடம், தலைக்கு எண்ணெய், துவைக்காமல் கிடக்கிற போர்வை என்று. அப்புறம் அவன் வாங்குவான். விடுதியில் மேல் கட்டில் பெண்மணி விடுகிற குறட்டைக்கு நம் துப்பாக்கியே தேவலை என்பாள். டீ தண்ணியாக இருக்கிறது என்பாள். தொழிற்சாலைக்குப் பின்னால் வரிசையாக வீடுகள் இருக்கின்றன, சமையலறை ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை தெரிகிறது, நேற்று வேலை விட்டு வரும்போது காலியாக இருந்த ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன் என்பாள். எந்தச் சுவரோரம் எதைப் போடலாம் என்றுகூட அவளிடம் கணக்கு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சோடு பேச்சாக, இப்பல்லாம் நான் தட்டறதே இல்லைங்க, கை மறந்தே போச்சு என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள், அவனுக்கும் ஒரு நல்ல சேதியாகத்தான். அவன் நல்லது என்றான். போனை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றான். மழை விட்டு வெயில் வந்திருந்தது. அவன் இடது கை வாசல் நிலையில் போய்ப் பதிந்தது.

மறுநாள் முகாமுக்குப் போனான். எதற்கென்று தெரியாமல்தான் போனான். கேன்டீனுக்குள் நுழையாமல் பட்டறைப் பக்கம் நடந்தான். பூட்டு தொங்கியது, பக்கத்துத் தகரம் பெயர்ந்திருந்த சந்தில் நுழைந்தான். உள்ளே அந்தப் பாதி இறக்கை அப்படியே நின்றது. தூசு படிந்து, சாக்பீஸ் கோடு மங்கியிருந்தது. அவன் அதன் மேல் கையை வைத்தான். தகடு சில்லென்று இருந்தது. எவ்வளவு நேரம் நின்றானோ, பின்னால் இருமல் சத்தம் கேட்டது. முகாம் அம்மா.

இங்கெல்லாம் வரக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. இதை வரும் மாதம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், இந்தக் கட்டடம் கிடங்காகப் போகிறது என்றாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இது கடைசிப் பரீட்சைங்க. இதுக்கப்புறம் முகாமையே மூடறாங்க. என்னையும் வேற ஊருக்கு மாத்தறாங்க. அதுக்குள்ள உங்களைக் கரையேத்திடணும்னு பாக்கறேன். என்ன தடங்கல்னு சொல்லுங்க, என்னால முடிஞ்சதைச் செய்யறேன்."

அவன் என்னத்தைச் சொல்வான்? என் பெண்டாட்டி தட்டுவதை என் கை கேட்கிறது, அதை நிறுத்த ஒரு திட்டம் போடுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்க முடியுமா? வருகிறேன் அம்மா என்று மட்டும் சொன்னான். அவள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

இரண்டாவது பரீட்சைக்கு ஆட்கள் குறைவாகத்தான் வந்திருந்தார்கள். அதே சட்டம், அதே பரீட்சையாளர், உள்ளே முட்டுக் கொடுக்க அதே தொழிற்சாலைக்காரர். இந்தத் தடவை மறு கோடியில் யாரும் இல்லை. பெயர்ந்த தகரத்தை மறைத்துக் கட்டியிருந்த சாக்குத் துணியைக் காற்று ஆட்டிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு ஒன்றுமே இல்லை, இனி என்ன பயம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். சங்கு ஊதியது. முதல் ஆணியை அடித்தான். கை தகட்டில் போய் உட்கார்ந்தது. ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராது. ஆனால் கை எழுந்திருக்கவில்லை. போன தடவையாவது தட்டல் வந்து அவனைக் கெடுத்தது. இப்போது வராமல் கெடுத்தது. ஒவ்வொரு ஆணிக்கும் அவன் நின்றான். பக்கத்தில் இருந்தவர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பரீட்சையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தூரத்தில் முகாம் அம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அவனுக்கு அந்தக் காலி வீடு ஞாபகம் வந்தது. அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த வீடு. அவன் இடது கையைத் தகட்டிலிருந்து பிய்த்து எடுத்தான். பிய்த்து எடுத்தான் என்றுதான் சொல்ல வேண்டும். எடுத்து, பேன்ட் பாக்கெட்டுக்குள் மணிக்கட்டுவரை திணித்துக்கொண்டான். ஊன்றிக்கொள்ள இடது கை இல்லாமல் துப்பாக்கி கனத்தது, தோள் எரிந்தது. உள்ளே அவள் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடித்தான். ஒவ்வொரு ஆணிக்கும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் எப்போதோ சொல்லாமலே கை ஓட ஆரம்பித்தது, அடுத்தது, அடுத்தது என்று. அது ஓட ஆரம்பித்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடி மாட்டியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வரிசை முடிந்தபோது இன்னும் நேரம் மீதி இருந்தது. பரீட்சையாளர் ஒவ்வொரு ஆணியாக விரலால் தடவிக்கொண்டே போனார். இதை முதல் தடவையே செய்திருக்கலாமே என்று அவன் முதுகில் தட்டினார். முகாம் அம்மா அவன் கையைக் குலுக்க வந்தாள், வலது கையைக் கொடுத்தான். பெயின்ட்டர் வழியில் பார்த்துவிட்டு, உனக்கு ஏழு அடுக்கு கேக் செய்யப் போகிறேன் என்று தெருவிலேயே கத்தினான். பஸ் ஏறினான், இறங்கினான், வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தான். மகள் பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. விடுதிக்குப் போன் போட்டான். கூப்பிட்டு வரச் சொல்லி, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தான். அவள் ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"தேறிட்டேன்."

அந்தப் பக்கம் அவள் யாரிடமோ திரும்பி, தேறிட்டாராம், தேறிட்டாராம் என்று சொல்வது கேட்டது. எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த ஜன்னல் வைத்த வீட்டையே இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன் என்றாள். மகளுக்குப் பள்ளி முடிகிற வாரமே வந்துவிடுங்கள் என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினான். பிறகுதான் அதைக் கேட்டாள்.

"எப்படிங்க முடிச்சீங்க?"

"கையை பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன்."

அவளுக்கு எந்தக் கை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"போட்டுக்கிட்டு?"

"நீ உள்ள இல்லைன்னு நெனச்சுக்கிட்டு அடிச்சேன். முதல்ல முடியலை. அப்புறம் முடிஞ்சிடுச்சு."

அவளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தவர்களும் போய்விட்டார்கள் போல, வெறும் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது, மிகவும் கிட்டத்தில், வாயைப் போனோடு வைத்துப் பேசுகிற மாதிரி.

"அந்தக் கையை இப்பவாவது வெளிய எடுத்தீங்களா?"

அவன் குனிந்து பார்த்தான். எடுக்கவில்லை. பட்டறையிலிருந்து வீடுவரை, பஸ் கம்பியைப் பிடித்ததும் பூட்டைத் திறந்ததும் எல்லாமே வலது கைதான். இடது கை மணிக்கட்டுவரை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

"இல்லை" என்றான்.

"எடுங்க" என்றாள்.

அவன் எடுத்தான். வியர்த்துப்போய், மரத்துப்போய் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு போன் மாட்டியிருந்த சுவரில் வைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் ஆணி அடிக்கவில்லை, போனில் அவளும் பேசவில்லை. மகள் வந்து கதவைத் திறக்கும்வரை அவன் கையை எடுக்கவில்லை.